ஸ்கேனர் மாட்ட இடமில்லாத கார்: போர்ஷே 944-ல் சென்சார் கோளாறைக் கண்டுபிடிப்பது

போர்ஷே 944 வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் கதை எப்படியும் ஒருமுறை வந்துவிடும். கார் ஒரு மணி நேரம் நன்றாக ஓடியிருக்கும். பெட்ரோல் போட நிறுத்துவார்கள். பணம் கட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. பானெட்டைத் திறந்து சற்று நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, யாரும் எதையும் தொடாமலே, முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். மறுநாள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே சமர்த்துப் பிள்ளையாக ஓடும்.

இப்போதைய கார் என்றால் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது. ஸ்கேனரைச் செருகினால் கோளாறு எண் வந்துவிடும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லா புதுக் கார்களிலும் அந்த சாக்கெட் கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல். 944 உற்பத்தியானதோ 1982 முதல் 1991 வரை. அதிலும் தொடக்க ஆண்டுகளின் 8 வால்வு காரில் இருக்கும் கம்ப்யூட்டர் எந்தக் கோளாறையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. அதனிடம் கேட்டுப் பயனில்லை. நாமே அளந்துதான் பார்க்க வேண்டும்.

கேட்கப் பயமாக இருக்கலாம். உண்மையில் பழைய காரின் சென்சார்கள் புதுக் காரின் சென்சார்களைவிட எளிமையானவை. ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு ஒயரிங் படம், கொஞ்சம் பொறுமை, இந்த மூன்றும் இருந்தால் முக்கால்வாசிக் கோளாறுகளை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். "எதற்கும் இதை மாற்றிப் பார்ப்போம், அதை மாற்றிப் பார்ப்போம்" என்று ஒவ்வொரு சென்சாராக வாங்கிப் போடுவதுதான் இந்தக் காரில் ஆகிற பெரிய தண்டச் செலவு. பெரும்பாலும் பழுது சென்சாரில் இருப்பதே இல்லை. சென்சாரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் வழியில் இருக்கும்.

கம்ப்யூட்டருக்கு என்ன தெரிய வேண்டும்?

944-ல் இருப்பது போஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் அமைப்பு. 1979-ல் பி.எம்.டபிள்யூ 732ஐ காரில் முதலில் வந்தது அது. போர்ஷேக்காரர்கள் அதை டி.எம்.இ என்பார்கள். அதற்கு முன்பெல்லாம் பெட்ரோலைக் கவனிக்க ஓர் ஏற்பாடு, ஸ்பார்க்கைக் கவனிக்க வேறோர் ஏற்பாடு என்று இருந்தது. மோட்ரானிக் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது. 2,479 சிசி, நான்கு சிலிண்டர் கொண்ட அந்த இன்ஜினுக்கு அந்தப் பெட்டி எடுக்கும் முடிவுகள் இரண்டுதான்: பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறந்துவைப்பது, ஸ்பார்க்கை எந்தக் கணத்தில் கொடுப்பது.

இந்த இரண்டையும் முடிவு செய்ய அதற்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். இன்ஜின் என்ன வேகத்தில் சுற்றுகிறது? பிஸ்டன் இப்போது எங்கே இருக்கிறது? உள்ளே எவ்வளவு காற்று வருகிறது? இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா, சூடாகிவிட்டதா? ஓட்டுபவர் காலை எடுத்துவிட்டாரா, முழுக்க அழுத்துகிறாரா? எரிந்தபின் வெளியே போகும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா? கேள்விக்கு ஒரு சென்சார். அவ்வளவுதான் மொத்த அமைப்பும்.

அந்தச் சென்சார்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பள்ளிக்கூட இயற்பியல் ஆய்வகத்தில் பார்த்த சாமான்கள்தான் இருக்கும். காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சின்னப் பாசிமணி. ரேடியோவின் வால்யூம் குமிழ் போல நகரும் தொடுமுனை. ஒரு சுவிட்ச். சூடானால் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக மின்சாரம் தரும் குட்டி பேட்டரி. ஒவ்வொன்றும் எந்த ரகம் என்று தெரிந்துவிட்டால், அதை ஓம்ஸில் அளப்பதா, வோல்ட்டில் அளப்பதா, அளந்தால் என்ன வர வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சென்சாரைத் தொடும் முன்

ஸ்டார்ட் ஆகாத 944 என்றதும் பழகிய கைகள் முதலில் தேடுவது டி.எம்.இ ரிலேயைத்தான். ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்; இது உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. உள்ளே இருக்கும் ஈயப் பற்றவைப்பு பல வருடச் சூட்டிலும் அதிர்விலும் மயிரிழை அளவுக்கு வெடித்துவிடும். சூடானால் விரிசல் திறக்கும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் பங்க் கதையில் பாதிக்கு இதுதான் காரணம். 944 வைத்திருப்பவர்கள் டாஷ்போர்டு அறையில் ஒரு ரிலேயை உபரியாக வைத்திருப்பது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது; தேவையான சடங்கு.

அடுத்தது எர்த். ஜெர்மன் கார்களில் எர்த் ஒயர் பழுப்பு நிறத்தில் இருக்கும். இன்ஜினின் பின்பக்கம் கிளட்ச் ஹவுசிங்கில் முடுக்கியிருக்கும் அந்தப் பழுப்பு ஒயர்களின் முனை பச்சை பூத்திருந்தால், எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் தப்பாகச் சொல்வது போலத் தோன்றும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிவிட்டால் போதும். காசு செலவில்லை. எனக்குத் தெரிந்து இதை முதல் நாளே செய்பவர்கள் குறைவு. மூன்றாவது சென்சாரை மாற்றியபிறகுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது.

மூன்றாவது, பேட்டரி. கிராங்க் செய்யும்போது, அதாவது ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்றும்போது, மின்னழுத்தம் 9 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. பழைய 944-ல் பெட்ரோல் குழாய்கள் காய்ந்து வெடித்திருக்கும். இன்ஜினின் மேல் பெட்ரோல் வாடை வந்தால் மற்ற சோதனைகளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இரட்டையர்கள்: வேக சென்சாரும் குறியீட்டு சென்சாரும்

இந்தக் காரில் எல்லோரும் பழி போடுவது இந்த இரண்டின் மேல்தான். பாதி நேரம் அது நியாயமும்கூட.

இன்ஜினுக்குப் பின்னால், அதோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்துக்கு நேர் மேலே, ஒரே பிராக்கெட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. ஒன்று ஃப்ளைவீலின் பல்சக்கரத்தைப் பார்க்கிறது. அதில் 132 பற்கள். ஒரு பல் கடந்துபோகும்போதெல்லாம் சுருளில் ஒரு சின்ன மின்துடிப்பு உண்டாகும். ஸ்டார்ட்டர் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் நொடிக்கு 440 துடிப்பு. 6,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 13,200. இன்னொன்று, ஃப்ளைவீலில் தனியாகப் பொருத்திய ஒரே ஒரு ஆணியைப் பார்க்கிறது. சுற்றுக்கு ஒரே ஒரு துடிப்பு. முதலாவது வேகத்தைச் சொல்கிறது; இரண்டாவது, "இதோ, இந்த இடத்திலிருந்து எண்ண ஆரம்பி" என்கிறது. அதிலிருந்து பற்களை எண்ணித்தான் கம்ப்யூட்டர் ஸ்பார்க் கொடுக்கும் கணத்தைக் கண்டுபிடிக்கிறது. இரண்டில் ஒன்று வாய் மூடிக்கொண்டாலும் ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் இல்லை.

கருவியே இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, சுற்று எண்ணிக்கை காட்டும் மீட்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் லேசாகத் துள்ளினால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போகிறது, இரட்டையர்களின் செய்தியும் போய்ச் சேர்கிறது என்று கொள்ளலாம். வேறு இடத்தில் தேடத் தொடங்கலாம். முள் செத்த பாம்பு போலக் கிடந்தால் ரிலே, இந்த இரண்டு சென்சார்கள், அவற்றின் ஒயர்கள், இந்த வரிசையில் சந்தேகம். பெட்ரோல் பங்கில் நிற்கும்போது செய்ய முடிந்த மிகப் பயனுள்ள காரியம் இதுதான். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே செய்துவிடலாம்.

இனி மல்டிமீட்டர். இரண்டு கனெக்டர்களையும் கழற்றி, சென்சார் பக்கம் இருக்கும் மூன்று முனைகளில் சுருளின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஓம்ஸ் அளந்தால் 600-க்கும் 1,600-க்கும் இடையில் வர வேண்டும். மூன்றாவது முனை ஒயரைச் சுற்றியிருக்கும் கவசத்தினுடையது. சுருளுக்கும் அதற்கும் நடுவே இணைப்பே இருக்கக் கூடாது. மீட்டர் முடிவிலி காட்ட வேண்டும். கொஞ்சமாவது எண் காட்டினால் ஒயரின் உறை உள்ளே உருகியோ உதிர்ந்தோ போயிருக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு வசதி உண்டு. இரண்டும் ஒரே உதிரிபாகம். அச்சு அசல் ஒன்றுதான். ஆகவே ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று 950 ஓம்ஸும் மற்றது 970 ஓம்ஸும் காட்டினால் பிரச்சினையில்லை. ஒன்று 950, மற்றது 1,500 என்றால், இரண்டுமே வரம்புக்குள்தான் இருக்கின்றன என்றாலும், எனக்கு அந்த இரண்டாவதன்மேல் சந்தேகம் வரும்.

ஒரே மாதிரி இருப்பதில் ஒரு தொல்லையும் உண்டு. இரண்டின் கனெக்டர்களும் ஒரே மாதிரி. மாற்றிச் செருகிவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. கிளட்ச் வேலை முடிந்து வந்த 944 ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கழற்றும் முன் ஒன்றில் ஒரு துண்டு டேப் சுற்றிவைத்தால் முடிந்தது.

குளிர்ந்த இன்ஜினில் அளந்து "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது. சூட்டில் மட்டும் செத்துப்போகும் சுருள் குளிரில் உயிரோடுதான் இருக்கும். கோளாறு நடக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். அது முடியாவிட்டால் சென்சாரின் தலையில் ஹேர் டிரையரைக் காட்டிக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டும். செம்பு சூடானால் தடை கொஞ்சம் கூடத்தான் செய்யும். 970 மெல்ல 1,050 ஆவது இயல்பு. திடீரென்று முடிவிலிக்குத் தாவினால் பிடித்துவிட்டோம். அப்படியே ஒயரை ஆட்டியும் பார்க்க வேண்டும். இன்ஜினுக்கும் காரின் உடலுக்கும் நடுவே, எப்போதும் சூடு அடிக்கும் இடத்தில் நாற்பது வருடம் தொங்கிய ஒயர் அது. கனெக்டரின் பிளாஸ்டிக் தொட்டாலே அப்பளமாக நொறுங்கும். நான் சொல்வதை நம்பி, கழற்றுவதற்கு முன்பே மாற்றுக் கனெக்டரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சென்சாருக்கும் பற்களுக்கும் நடுவே இடைவெளி 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தள்ளிப் போனால் துடிப்பு பலவீனமாகிவிடும். நெருங்கினால் ஆணி வந்து இடித்துச் சென்சாரின் மூக்கைச் சப்பையாக்கிவிடும். கழற்றிப் பார்க்கும்போது நுனியில் இடித்த தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேக சென்சார் துடிப்பு அனுப்புகிறதா என்பதை மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துக் கிராங்க் செய்யும்போது பார்த்துவிடலாம். குறியீட்டு சென்சாருக்கு அந்த வித்தை சரிவராது. சுற்றுக்கு ஒரே துடிப்பு என்பதால் மீட்டர் அதைச் சராசரியாக்கி ஒன்றுமில்லாமல் செய்துவிடும். அதைப் பார்க்க, துடிப்பைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் வேண்டும். இப்போது கையடக்கமானவை மலிவாகவே கிடைக்கின்றன.

குளிர்கிறது என்று சொல்லும் சென்சார்

கார் நின்றுபோவதில்லை. ஆனால் கரும்புகை, பெட்ரோல் வாடை, இறங்கிக்கொண்டே போகும் மைலேஜ், கறுத்துப்போன ஸ்பார்க் பிளக். அல்லது காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, சூடானபின் ஒழுங்காக ஓடும். இரண்டுக்கும் குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சார் காரணமாக இருக்கலாம். ஒரே சென்சார் எப்படி நேரெதிரான இரண்டு நோயைத் தரும் என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கட்டுரையில் கடினமான பகுதி முடிந்தது.

உள்ளே இருப்பது சூடு ஏறினால் தடை குறையும் மணி. 0 டிகிரியில் 4,400 முதல் 6,800 ஓம்ஸ் வரை இருக்கும். 20 டிகிரி வாக்கில் சுமார் 2,500. 80 டிகிரிக்கு வந்தால் 250-லிருந்து 390-க்குள் இறங்கிவிடும். கம்ப்யூட்டர் தன் பக்கத்திலிருந்து 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக இந்த ஒயருக்கு அனுப்பி, அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கிறது. தடை அதிகம் என்றால் குளிர் என்று எடுத்துக்கொள்ளும். குறைவு என்றால் சூடு.

இப்போது ஒயர் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தடை முடிவிலி. கம்ப்யூட்டருக்கு அது துருவப் பிரதேசக் குளிராகத் தெரியும். பெட்ரோலை அள்ளி ஊற்றும். காலையில் ஸ்டார்ட் ஆகும், சூடானபின் மூச்சு முட்டும். மாறாக, இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் தடை பூஜ்யம். கொதிக்கும் இன்ஜின் என்று நினைத்துப் பெட்ரோலைக் குறைத்துவிடும். காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகாது. முழுக்க அறுந்துபோனால் ஒரு வகையில் நல்லது, உடனே தெரிந்துவிடும். கனெக்டரில் துரு ஏறி 800 ஓம்ஸ் கூடுதலாகச் சேர்ந்துகொள்கிறதே, அதுதான் தொல்லை. கார் ஓடும், ஆனால் கம்ப்யூட்டர் எப்போதும் இன்ஜின் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் பெட்ரோல் கரியும்.

சோதிப்பது சமையலறை வேலை. சென்சாரைக் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் தலை மட்டும் நனையும்படி தொங்கவிட்டு, வெப்பமானி ஒன்றையும் போட்டு, அடுப்பில் வைத்து மெல்லச் சூடாக்க வேண்டும். எண் படிப்படியாக இறங்க வேண்டும். நடுவில் குதிக்கக் கூடாது. (அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். கூலன்ட் விஷம்.)

புதிதாக வருபவர்கள் இங்கே ஒரு பள்ளத்தில் விழுவார்கள். இன்ஜினில் வெப்பம் அளப்பது ஒன்றல்ல. டாஷ்போர்டில் முள்ளை நகர்த்துவது ஒன்று, கம்ப்யூட்டருக்குச் சொல்வது இன்னொன்று. முள் சரியாக நிற்கிறது என்பதால் கம்ப்யூட்டருக்கும் சரியான செய்தி போகிறது என்று அர்த்தமில்லை. முள்ளைப் பார்த்துவிட்டு, "டெம்பரேச்சர் சென்சார் ஓகே" என்று இதைக் கழித்துவிட்டால் அப்புறம் ஒரு மாதம் சுற்ற வேண்டியதுதான்.

காற்றின் கதவு

காற்று வடிகட்டியைத் தாண்டியதும் ஓர் அலுமினியப் பெட்டிக்குள் கதவு போன்ற தகடு. உறிஞ்சப்படும் காற்று அதைத் தள்ளும். உள்ளே ஒரு ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். கதவோடு சேர்ந்து ஒரு தொடுமுனை கரிப்பாதையின் மேல் நகரும். வால்யூம் குமிழ் என்று சொன்னது இதைத்தான். மூடியிருக்கும்போது கால் வோல்ட் வாக்கில், முழுக்கத் திறந்தால் நாலரை வோல்ட் வாக்கில்.

பழைய வானொலியில் குமிழைத் திருகும்போது ஓரிடத்தில் மட்டும் "கரகர" என்று வருமே, அதேதான் இங்கும் நடக்கும். கார் தன் வாழ்நாளில் அதிகம் செலவழிப்பது குறைந்த வேகத்தில். கதவும் அதிக நேரம் அந்தச் சிறிய வீச்சிலேயே ஆடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் மட்டும் கரி தேய்ந்துவிடும். அறிகுறியும் அதற்கேற்றாற்போல இருக்கும்: ஒரு குறிப்பிட்ட அளவு ஆக்சிலரேட்டரில் மட்டும் குலுக்கல், அதைத் தாண்டினால் சரியாகிவிடும்.

சாவியைப் போட்டு, இன்ஜினை ஓடவிடாமல், வடிகட்டியைக் கழற்றி, விரலால் கதவை மெல்லத் தள்ளிக்கொண்டே வோல்ட்டைப் பார்க்க வேண்டும். இதற்கு மட்டும் டிஜிட்டல் மீட்டரைவிட முள் வைத்த பழைய மீட்டர் மேல். முள் ஒரே சீராக ஏற வேண்டும். எங்காவது விழுந்து எழுந்தால் அங்கே பாதை தேய்ந்திருக்கிறது. கறுப்பு மூடியை அறுத்துத் திறந்து, தொடுமுனையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தித் தேயாத இடத்தில் ஓடவிடுபவர்கள் இருக்கிறார்கள். கை நடுங்காதவர்களுக்கு அது நல்ல வைத்தியம். ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மட்டும் தொட வேண்டாம். அதைத் திருகி "பவர் ஏற்றிய" கார்கள் அதற்கப்புறம் சீராக ஓடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கதவைக் குற்றம் சொல்லும் முன் அதற்குப் பின்னால் இருக்கும் ரப்பர்க் குழாயை வளைத்துப் பாருங்கள். அதில் வெடிப்பு இருந்தால் கதவைத் தள்ளாமலே காற்று உள்ளே போகும். கம்ப்யூட்டரின் கணக்கில் வராத காற்று அது. கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ஓட்டம் தடுமாற வேண்டும். ஒரு மாற்றமும் இல்லையென்றால் ஏற்கனவே வேறெங்கோ காற்று ஒழுகுகிறது என்று சந்தேகிக்கலாம்.

ஆக்சிலரேட்டர் சுவிட்ச் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் காரில் ஆக்சிலரேட்டரின் நிலையைச் சொல்வது வெறும் சுவிட்ச்தான்: காலை எடுத்தால் ஒரு தொடர்பு, முழுக்க மிதித்தால் இன்னொன்று. த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுவழித் தகட்டை) லேசாகத் திறக்கும்போது "டிக்" என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் திருகைத் தளர்த்திச் சரிசெய்யலாம்.

ஆக்சிஜன் சென்சாரைத் தண்டிக்காதீர்கள்

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள 944-களில், அதாவது முக்கியமாக அமெரிக்காவுக்குப் போனவற்றில், புகைக்குழாயில் இது இருக்கும். 1976-ல் வோல்வோ கார்களில் முதன்முதலில் வந்தது. 300 டிகிரிக்கு மேல் சூடானபின்தான் பேசத் தொடங்கும். புகையில் ஆக்சிஜன் இல்லையென்றால் 0.9 வோல்ட் வாக்கில் தரும், மிச்சமிருந்தால் 0.1 வாக்கில். கம்ப்யூட்டர் அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும், மறுபடி கூட்டும். ஆகவே நல்ல சென்சாரின் எண் ஓரிடத்தில் நிற்காது. மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டே இருக்கும். 0.45-ல் அசையாமல் நின்றால் ஒன்று சென்சார் இன்னும் சூடாகவில்லை, அல்லது செத்துவிட்டது.

இதை வோல்ட்டில் மட்டுமே அளக்க வேண்டும். ஓம்ஸில் வைத்தால் மீட்டரே உள்ளே மின்சாரத்தைச் செலுத்தி அதைக் கெடுத்துவிடலாம். சூடேற்றும் கம்பியோடு வரும் மூன்று ஒயர் வகையில் அந்தக் கம்பியை மட்டும் ஓம்ஸில் பார்க்கலாம். சில ஓம்ஸ்தான் காட்டும்.

இந்தச் சென்சாருக்குப் பெட்ரோலைத் தெரியாது, ஆக்சிஜனை மட்டும்தான் தெரியும். ஒரு ஸ்பார்க் பிளக் எரியாவிட்டால் அந்தச் சிலிண்டரின் பெட்ரோல் மட்டுமல்ல, ஆக்சிஜனும் அப்படியே வெளியே வரும். சென்சார் "ஆக்சிஜன் நிறைய இருக்கிறது" என்று உண்மையைத்தான் சொல்லும். கம்ப்யூட்டர் அதைப் "பெட்ரோல் போதவில்லை" என்று புரிந்துகொண்டு இன்னும் ஊற்றும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் இதே கதைதான். புதுச் சென்சார் வாங்கிப் போட்டாலும் அதுவும் அதையேதான் சொல்லும்.

அந்தச் சந்தேகம் வந்தால் சென்சாரின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டர் தன் உள்கணக்கில் இருக்கும் பொதுவான அளவுக்குத் திரும்பிவிடும். கழற்றியபின் ஓட்டம் தெளிவாக நன்றானால், கம்ப்யூட்டரைத் தப்பான வழியில் இழுத்துக்கொண்டிருந்தது இந்த ஒயரில் வந்த செய்திதான் என்று தெரிந்துவிடும்.

மறுமுனையில் நின்று அளப்பது

இதுவரை சொன்னதெல்லாம் சென்சாரின் வாயருகில் அளப்பது. நான் இப்போதெல்லாம் தலைகீழாகத் தொடங்கச் சொல்வேன். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரின் பெரிய பிளக்கைப் பிடுங்க வேண்டும். அதில் 35 ஊசிகளுக்கான இடங்கள். எந்த எண் எந்தச் சென்சாருக்கு என்பது உங்கள் வருடத்துக் காரின் ஒயரிங் படத்தில் இருக்கும். இங்கிருந்து அளந்தால் சென்சார், கனெக்டர், ஒயர், பிளக் எல்லாம் சேர்ந்து கம்ப்யூட்டருக்கு என்ன தெரிகிறதோ அதுவே நமக்கும் தெரியும்.

குளிர்நீர் சென்சாரின் இரண்டு ஊசிகளில் 3,300 ஓம்ஸ் வருகிறது, சென்சாரிலேயே நேரடியாக அளந்தால் 2,500 என்றால், அந்த 800 வழியில் எங்கோ சேர்ந்திருக்கிறது. சென்சார் வாங்கப் போகிற காசு மிச்சம். இரண்டு இடத்திலும் ஒரே எண் வந்து, அந்த எண்ணே தப்பாக இருந்தால்தான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். மீட்டரின் ஊசியை அந்தத் துளைகளுக்குள் அழுத்திச் செருகாதீர்கள். உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு விரிந்துவிட்டால், இல்லாத லூஸ் கான்டாக்ட்டை நாமே உண்டாக்கிவிடுவோம். மெல்லிய கம்பியை வைத்துத் தொட்டால் போதும்.

எல்லா எண்ணும் சரியாக இருந்தும் கார் மக்கர் செய்தால், அப்போதுதான் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து ஈயப் பற்றவைப்புகளைப் பூதக்கண்ணாடியில் பார்க்கும் கட்டம். அதுவும் நடப்பதுண்டு, ஆனால் வரிசையில் கடைசி.

இந்த வேலையெல்லாம் கார் நின்றுபோன நாளில் செய்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. நன்றாக ஓடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்ய வேண்டும். இரட்டையர்களின் ஓம்ஸ், குளிர்ந்தபோதும் சூடானபோதும். குளிர்நீர் சென்சார், அன்றைய வெயிலின் அளவோடு. கதவு மூடியிருக்கும்போது எத்தனை வோல்ட். ஒரு அட்டையில் எழுதி, தேதி போட்டு, டாஷ்போர்டு அறையில் அந்த உபரி ரிலேயோடு வைத்துவிடுங்கள். அடுத்த முறை பெட்ரோல் போட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பும்போது இன்ஜின் பிடிக்காவிட்டால், முதலில் முள் துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளாவிட்டால் ரிலேயை மாற்றுங்கள். அப்போதும் துள்ளாவிட்டால் அட்டையையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். இன்ஜின் ஆறுவதற்குள் அந்த இரண்டு கனெக்டர்களையும் அளந்தாக வேண்டும்.